செவ்வகத்துக்கு ஒரு டாப்

12 நவம்பர் 2008, புதன்

தையல் பேட்டர்ன் வகுப்பில் மேடம் கொடுத்த தாளில் பெண்களின் உடம்பு நான்கு வகை என்று போட்டிருக்கிறது. ஆப்பிள், பேரிக்காய், மணல் கடிகாரம், செவ்வகம். மணல் கடிகாரத்தை எங்களில் யாரும் பார்த்ததில்லை என்பதால் மெஹ்ஜபின் மேடம் அதை உடுக்கை என்று சொல்லிக் கொடுத்தார். வகுப்பில் ஒன்பது பேர். ஒருவரையொருவர் டேப் வைத்து அளந்தோம். பேரிக்காய் ஐந்து, ஆப்பிள் இரண்டு, உடுக்கை ஒன்று. செவ்வகம் நான் மட்டும்.

என் அளவு: மார்பு 31, இடுப்பு 28, இடுப்புக்குக் கீழே சுற்றளவு 32, தோள் 15½. மூன்று முறை அளந்தேன். மூன்று முறையும் இதேதான். தோள் எலும்பு இரண்டும் ஆசாரியின் மூலைமட்டம் போலத் திரும்புகின்றன. அங்கிருந்து கீழே நேர்கோடு.

இதை எழுதி வைப்பதற்குக் காரணம் ஞாயிற்றுக்கிழமை நடக்கப்போகும் பரீட்சை. தன் உடம்புக்குப் பொருந்துகிற ஒரு டாப்பைத் தானே வெட்டித் தைத்து, அதைப் போட்டுக்கொண்டு போய் நிற்க வேண்டும். கோயம்புத்தூரிலிருந்து எக்ஸாமினர் வருவார். பாஸானால் பேட்டர்ன் சர்டிபிகேட். அதைக் கொண்டுவந்தால் சாம்பிள் செக்‌ஷனில் உதவியாளராக எடுத்துக்கொள்வதாக நான் வேலை செய்யும் பனியன் கம்பெனியின் ரவூப் மாஸ்டர் சொல்லியிருக்கிறார். சாம்பிள் செக்‌ஷனில் ஸ்டூல் உண்டு. நான் தையலில் குறை பார்க்கும் செக்கிங்கில் கிடையாது. நான்கு வருடமாக மேசை முன்னால் நிற்கிறேன். வகுப்பு இருக்கிற நாளில் ஆறு மணி வரை, இல்லாத நாளில் எட்டு மணி வரை. இடது கெண்டைக்காலில் நரம்பு நீலமாகச் சுருண்டு மேலெழும்பிவிட்டது. டாக்டர் அதிகம் நிற்காதே என்றார். எங்கே உட்காருவது என்று அவர் சொல்லவில்லை.

இன்று மூன்று மணிக்கு மாஸ்டர் ஃபிட்டிங்குக்குக் கூப்பிட்டு அனுப்பினார். சாம்பிளை மாட்டிப் பார்க்கும் கம்பெனி டம்மியின் தண்டு போன வருடமே உடைந்துவிட்டது. ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டுப் பையரின் ஸ்மால் சைஸ் அளவும் என் அளவும் கால் இஞ்ச் வித்தியாசம்கூட இல்லாமல் ஒன்றாக இருப்பதால் டம்மி வாங்குவதை எல்லோரும் மறந்துபோனார்கள். வாரத்தில் இரண்டு தடவை திரைக்குப் பின்னால் போய் சாம்பிளை மாட்டிக்கொண்டு வந்து நிற்பேன். மாஸ்டர் என்னைத் தொடமாட்டார். டேப்பின் ஒரு நுனியை என்னிடம் கொடுத்து, “தோள்ல வைம்மா” என்பார். மறு நுனியைத் தள்ளி நின்று பிடிப்பார். படித்த அளவைப் பையர் அனுப்பிய ஸ்பெக் ஷீட்டில் எழுதுவார்.

இன்றைக்கு வந்தது பனியன் துணி உடம்பும், தோளில் மட்டும் யோக் என்று நெய்த காட்டன் துணியும் வைத்த டாப். கண்ணாடியில் பார்த்தேன். நன்றாக இருந்தது. எனக்கு நன்றாக இருக்கிற உடுப்பெல்லாம் கப்பலேறிப் போகிறவை. கையை முன்னால் நீட்டியபோது முதுகில் துணி இறுக்கிப் பிடித்தது. மாஸ்டர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. “ஸ்பெக்குக்குக் கரெக்டா இருக்குது. ஓகே” என்று எழுதினார்.

மேசைக்குத் திரும்பியதும் பக்கத்து மருதக்கா ஆரம்பித்தாள். மருதம்மாள் என்று பெயர். பதினைந்து வருடமாகச் செக்கிங்கில் இருப்பவள்.

“ஏங் கண்ணு, ஹேங்கரு வேலை முடிஞ்சுதா?”

“முடிஞ்சுதுங்க்கா.”

“உனக்கென்ன, வெள்ளைக்காரி சைஸு. நானெல்லாம் உள்ள போனா துணி பத்தலைன்னு ஆர்டரையே கேன்சல் பண்டிப்போடுவாங்க.”

மேசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்கிற நேரத்தில் காலை மாற்றி ஊன்றிக்கொள்ளலாம்.

14 நவம்பர், வெள்ளி

தாளில் செவ்வகத்துக்குக் கொடுத்திருக்கும் யோசனைகளில் பாதி எனக்கு ஆகாதவை. அகலமான பெல்ட், குட்டை ஜாக்கெட், ஜீன்ஸ். இவற்றைப் போட்டுக்கொண்டு அனுப்பர்பாளையத்தில் பஸ் ஏற முடியாது. மிச்சத்தை எனக்குத் தகுந்தபடி மாற்றி எழுதிக்கொண்டேன். நெட்டுக்குக் கோடு போட்ட துணி வேண்டாம், மேலும் நீட்டிக் காட்டும். கழுத்து வட்டமாக இருக்கலாம், சதுரம் கூடாது. இடுப்பில் குறுக்கி, கீழே கொஞ்சம் விரிந்தால் வளைவு இருப்பதுபோலத் தெரியும். பக்கவாட்டில் கருத்த துணி வைத்தால் நடுப்பகுதி மட்டும் கண்ணில் பட்டு இடுப்பு சிறுத்துத் தோன்றும். எல்லாவற்றுக்கும் மேலே மேடம் சிவப்பு மையில் அடிக்கோடிட்டது: தொளதொளவென்று போட்டு மறைக்காதே.

அது எனக்காகவே போட்ட கோடு. பள்ளிக்கூடத்தில் இருந்தே அம்மா எனக்கு இரண்டு சைஸ் பெரிதாகத்தான் எடுப்பாள். “சதை போட்டா சரியாப் போயிரும்” என்பாள். இருபத்து மூன்று வயதாகிறது. இந்தத் தீபாவளிக்கு எடுத்த ரெடிமேட் சுடிதார் தோளில் மட்டும் முட்டி, மற்ற இடமெல்லாம் காற்றடித்தால் கொடியில் காய்வதுபோல ஆடியது. அம்மா தூரத்தில் நின்று பார்த்தாள். அவள் பெயர் பழனாத்தாள். ஒருவரையும் வருத்தப்படுத்தும்படி பேசத் தெரியாதவள்.

“துப்பட்டாவை முன்னால நல்லா விரிச்சுப் போட்டுக்க சாமி. சேலைன்னா ரெண்டு பாவாடை உள்ள கட்டிக்கலாம். அதுல என்ன ஆவுது?”

“நெம்பக் கேவலமா இருக்குதாம்மா?”

“துணிதான் சரியில்லீன்னு சொல்றேன். உன்ன சொன்னனா?”

அன்றைக்கே தீர்மானித்துவிட்டேன். பரீட்சைக்கு வெட்டுகிற டாப் என் அளவுக்கு இருக்கும். ஒரு நூல் கூட அதிகம் இருக்காது.

துணி எடுத்தாகிவிட்டது. கடுகு நிறத்தில் சின்னச் சின்னப் பூப் போட்ட மில் காட்டன். நேற்று பேப்பர் பேட்டர்ன் போட்டேன். இன்று வகுப்பு முடிந்து வந்து துணியை வெட்டினேன். வகுப்பு ஒரு பாத்திரப் பட்டறையின் மாடியில் நடக்கிறது. கீழே தட்டிக்கொண்டே இருப்பார்கள். அந்தச் சத்தத்தோடு கணக்குப் போட்டுப் பழகியதால் வீட்டின் அமைதியில் எங்காவது தப்பு நேர்ந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. ஒவ்வொரு கோட்டையும் இரண்டு முறை அளந்தேன். மார்பு 31, துணியை மடித்தால் பாதி 15½. தையலுக்கு விடவேண்டியதை மட்டும் விட்டேன். இடுப்பு 28, பாதி 14. சரியாக இருந்தது.

எல்லாம் சரியாக இருந்தால் எனக்கு உடனே சந்தேகம் வரும். எதைச் சந்தேகப்படுவது என்று தெரியாததால் படுத்துக்கொண்டேன்.

15 நவம்பர், சனி

ஆர்டர் குறைவு என்று மூன்று மணிக்கே அனுப்பிவிட்டார்கள். வந்ததும் மெஷினில் உட்கார்ந்தேன். அம்மாவின் கால் மெஷின். கரண்ட் போனாலும் கவலையில்லை. ஐந்தரைக்கு டாப் முடிந்தது. தையலில் ஒரு குறை இல்லை. நான்கு வருடம் மற்றவர்களுடைய தையலில் குறை தேடியவள் நான். ஒன்றிருந்தால் பார்த்திருப்பேன்.

தலை வழியாகப் போட்டேன். கழுத்து இறங்கியது. கைகள் நுழைந்தன. பிறகு எதுவும் இறங்கவில்லை. டாப்பின் இடுப்புப் பகுதி என் மார்பில் வந்து நின்றுவிட்டது. கீழே இழுத்தால் அக்குளில் படபடவென்று நூல் தெறிக்கும் சத்தம். மேலே கழற்றலாம் என்றால் தோள் எலும்பில் மாட்டிக்கொண்டது. இரண்டு கையும் பாதி தூக்கியபடி, முகம் துணிக்குள் இருக்க, அறையின் நடுவில் நின்றேன்.

“அம்மா.”

“என்ன சாமி?” அவள் அடுப்படியில் இருந்து வந்தாள். “அட கருமமே, அசையாத நில்லு.”

அவள் ஒரு பக்கம் தூக்கி, மறு பக்கம் தூக்கி, சின்னப் பிள்ளையைக் கழற்றுவதுபோல என்னைக் கழற்றி எடுத்தாள். டாப்பைத் தரையில் விரித்து மார்புக்கு டேப்பை வைத்தேன். 15½. இடுப்பு 14. எழுதியிருப்பதும் அதே. மறுபடியும் அளந்தேன். அதே.

“அளவெல்லாம் சரியாத்தான் இருக்குது” என்றேன். அழுகை வந்தது.

அம்மா துணியைக் கையில் எடுத்து இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்தாள். “இது இழுத்தா வராதே கண்ணு. பனியனா இது?”

அப்போதுதான் விளங்கியது. பனியன் துணி உடம்புக்குத் தகுந்தபடி விரிந்துகொடுக்கும். அதற்கு உடம்பளவு போதும், குறைத்துக்கூட வெட்டலாம். நெய்த துணி விரியாது. உடம்புக்கு மேலே மூன்று நான்கு இஞ்ச் விட்டுத்தான் வெட்ட வேண்டும். மூச்சு விட, கை தூக்க, தலை வழியாகப் போட்டுக் கழற்ற. அதற்கு ‘ஈஸ்’ என்று பெயர். ஜூலை மாதக் குறிப்பில் என் கையெழுத்திலேயே இருக்கிறது. ஆனால் ஆறு மாதமும் நாங்கள் வெட்டிப் பழகியது எல்லாம் பனியன் வேஸ்ட்டில். காதர்பேட்டையில் கிலோ கணக்கில் கிடைப்பது அதுதான். கம்பெனியில் நான் தொடுவதும் அதுதான். நெய்த துணியில் கத்திரி வைத்தது நேற்றுதான் முதல் தடவை. கைக்குப் பனியன் மட்டும்தான் தெரிந்திருக்கிறது.

இன்னொன்றும் எழுத வேண்டும். ஈஸ் விட வேண்டும் என்று ஞாபகம் வந்திருந்தாலும் நான் விட்டிருப்பேனா என்று தெரியவில்லை. ஒரு நூல் கூட அதிகம் வேண்டாம் என்ற வீம்பு எனக்கு இருந்தது.

புதுத் துணி எடுக்கலாம் என்றால் முதலிலிருந்து வெட்ட நேரமில்லை. உடம்பு முடியவில்லை. காலை இரண்டு தலையணை மேல் தூக்கி வைத்துப் படுத்திருக்கிறேன். பரீட்சைக்குப் போகாமல் இருந்துவிடலாம். அடுத்த பேட்ச் பரீட்சை மே மாதம். மாஸ்டர் அதுவரை காத்திருக்கமாட்டார். கட்டிங்கில் இருக்கும் ஒரு பெண்ணையும் கேட்டு வைத்திருக்கிறார் என்று மருதக்கா சொன்னாள்.

16 நவம்பர், ஞாயிறு

ஐந்து மணிக்கு எழுந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கத் தையலையும் பிரித்தேன். டாப்பின் பின்பக்கமும் முன்பக்கமும் தனித்தனியாகத் தரையில் கிடந்தன. நடுவில் வைத்துத் தைக்க ஏதாவது வேண்டும். வீட்டில் காட்டன் துணி இல்லை. என்னுடைய பழைய மெரூன் டி-ஷர்ட் ஒன்று இருந்தது. கம்பெனியில் கழித்துப்போட்ட செகண்ட்ஸில் எடுத்தது, இரண்டு வருடமாக வீட்டில் போட்டுக்கொள்வது. அதை விரித்துக் கத்திரி வைக்கும்போது அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அது நல்லாத்தான இருக்குது?”

“இருக்கட்டும்மா.”

அக்குளிலிருந்து கீழ் விளிம்பு வரை, பக்கத்துக்கு இரண்டு இஞ்ச் அகலத்தில் இரண்டு பட்டை. மேலே அக்குளில் கொஞ்சம் கூட்டி, கைக்குள் போகும்படி வைத்தேன். விரியாத துணியோடு விரிகிற துணியைச் சேர்த்துத் தைக்கும்போது பட்டை அலை அலையாக நெளிந்தது. இரண்டு முறை பிரித்தேன். எட்டரை மணிக்குப் போட்டுப் பார்த்தேன். இறங்கியது. கையைத் தூக்கினேன். தூக்க முடிந்தது.

கண்ணாடியில் பார்த்தேன். மெரூன் பட்டை இரண்டும் பக்கவாட்டில் ஒதுங்கி மறைய, நடுவில் கடுகு நிறம் இடுப்பில் குறுகிக் கீழே விரிந்திருந்தது. எனக்கு இடுப்பு இருந்தது. தாளில் நான் எழுதி வைத்திருந்த யோசனையேதான். ஆனால் அந்த யோசனையை நான் செய்யவில்லை. தப்பை ஒட்டுப்போட்டதில் அது வந்து சேர்ந்தது.

“இது நல்லாருக்குது” என்றாள் அம்மா. துப்பட்டாவை விரித்துப் போடச் சொல்லவில்லை.

டாப்போடு அளவுத் தாளையும் கொடுக்க வேண்டும். அதில் ஒரு கட்டம்: விட்ட ஈஸ் எவ்வளவு? வெள்ளிக்கிழமை அதில் ஒன்றுமில்லை என்று நான் கோடு இழுத்து வைத்திருந்தேன். பால்பாயிண்ட் பேனா. வேறு தாள் எடுத்து, பக்கப் பட்டை டிசைன் என்றும், பட்டையால் நான்கு இஞ்ச் ஈஸ் என்றும் மாற்றி எழுத ஐந்து நிமிடம் போதும். எழுதாத ஒரு தாளும் பையில் இருந்தது. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் அதை எடுக்கவில்லை. நேர்மை என்று சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமாக இருக்கிறது. பொய் எழுதினால் அதை எக்ஸாமினர் முன்னால் ஞாபகம் வைத்துப் பேச வேண்டும். அதற்குத் தெம்பில்லை.

எக்ஸாமினர் ஐம்பது வயது அம்மா. கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்திருந்தார். எனக்கு முன்னால் போன நான்கு பேரில் இரண்டு பேர் கையைத் தூக்க முடியாமல் நின்றார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு ஆறுதலாக இருந்தது. உடனே அதற்காக வெட்கமாகவும் இருந்தது.

என் முறை வந்தபோது அவர் என்னைச் சுற்றி வந்தார். “கையத் தூக்குங்க. குனிங்க. திரும்புங்க. நல்லா விழுந்திருக்கே. உங்க உடம்புக்குப் பக்கத்துல டார்க் வைக்கணும்னு தோணினது நல்ல ஐடியா. டிசைன் உங்களோடதா?”

மெஹ்ஜபின் மேடம் சுவரோரம் நின்று என்னையே பார்த்தார். ஆமாம் என்று சொல் என்று அந்தப் பார்வை சொன்னது.

“இல்லீங்க மேடம். டாப்பு உள்ள போகலீங்க. அதுக்காக வெச்சதுங்க.”

அவர் கண்ணாடியை இறக்கி என் தாளைப் படித்தார். கீழே தட்டுகிற சத்தம் இன்று இல்லை, ஞாயிறு.

“அளவெல்லாம் எவ்வளவு சுத்தமா எழுதியிருக்கீங்க. மூச்சு விட ஒரு இடத்துல கூட எடம் வைக்கலையே அம்மா.”

“ஆமாங்க.”

“எந்தத் துணியில பழகுனீங்க?”

“பனியன் வேஸ்ட்டுங்க.”

“எல்லாருமா?”

பின்னாலிருந்து யாரோ “ஆமாங்க மேடம்” என்றார்கள். மெஹ்ஜபின் மேடம் தரையைப் பார்த்தார்.

ஐம்பத்து நான்கு மார்க். ஐம்பதுக்குப் பாஸ். சர்டிபிகேட் தபாலில் வரும், அதுவரைக்கும் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். படியிறங்கும்போது மெஹ்ஜபின் மேடம் கூடவே வந்தார். என்னைவிட ஐந்து வயதுதான் பெரியவர். அவரும் காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தார்.

“நீங்க டிசைன்னே சொல்லியிருக்கலாம் மைதிலி. எழுபது போட்டிருப்பாங்க.”

“தப்புங்களா மேடம்?”

“தப்புன்னு சொல்லல.” குடையை விரித்தார். “காட்டன்ல பழகணும்னா யார் துணி வாங்கிக் கொடுக்கறது, சொல்லுங்க.”

அவருக்கு இதனால் ஏதாவது கெடுதல் வருமா என்று தெரியவில்லை. வரக்கூடாது. அவர் குடைக்குள் என்னைக் கூப்பிடவில்லை. அதை நான் தப்பாக எடுத்துக்கொள்ளவும் இல்லை.

17 நவம்பர், திங்கள்

சீட்டை மாஸ்டரிடம் கொடுத்தேன். தூக்கிப் பார்த்தார், ஷீட்டுகளுக்கு நடுவில் செருகினார்.

“ஐம்பத்து நாலா? சரி, பாஸ் பாஸ்தான். ஆனா ஆர்டர் டல்லா இருக்குது, நீயே பாக்கறீல்ல. எம்.டி. ஆள் போடலாமான்னு யோசிக்கிறார். பாக்கலாம்மா. இப்ப அந்த யோக் டாப்பை மாட்டிட்டு வா. இன்னைக்கு கூரியர்ல போகணும்.”

பாக்கலாம் என்றால் இங்கே என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். திரைக்குப் பின்னால் போனேன். புதன்கிழமை போட்ட அதே டாப். மாட்டிக்கொண்டு வந்து நின்றேன். காலையிலிருந்தே கால் கனத்தது. டேப் நுனியைக் கொடுத்தார். தோளில் வைத்தேன். 15½. படித்தார், எழுதினார். கையை நீட்டச் சொல்லவில்லை. நானே நீட்டினேன். முதுகு பிடித்தது.

“மாஸ்டர், இது பிடிக்குதுங்க.”

“எங்க?”

“பின்னால. கை நீட்டுனா தோள்ல காட்டன் இழுக்குதுங்க. அடியில பனியன் விரியுது, மேல விரியமாட்டேங்குது.”

“ஸ்பெக் கரெக்டா இருக்குதேம்மா. பையர் கொடுத்த அளவு.”

“அளவு சரிதானுங்க. முழு பனியன் டாப்போட அளவை அப்படியே காட்டனுக்கும் வெச்சிருக்காங்க. நான் நேத்துத்தானுங்க அதே தப்ப செஞ்சேன்.”

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொள்ளலாம்போல இருந்தது. இருபது வருட மாஸ்டரிடம் ஐம்பத்து நான்கு மார்க் பேசுகிறது. அவர் பேனாவை மூடினார். திறந்தார். என் பின்னால் வந்து, தள்ளி நின்று, “இப்ப நீட்டு” என்றார். நீட்டினேன். “பஸ் கம்பியைப் பிடிக்கிற மாதிரி தூக்கு.” தூக்கினேன். தையலில் ஒரு நூல் தெறித்தது. இரண்டு பேருக்கும் கேட்டது.

“புதன்கிழமையும் பிடிச்சுதா?”

“பிடிச்சுதுங்க.”

“அப்ப ஏன் வாயத் தொறக்கல?”

“நீங்க கேக்கலீங்க மாஸ்டர்.”

அவருக்குக் கோபமா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. “மூவாயிரத்து ஐநூறு பீஸ்” என்று ஆர்டர் கணக்கைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு மேசைக்கு அடியில் காலை விட்டு ஸ்டூலை வெளியே இழுத்துத் தள்ளினார்.

“உக்காரு.”

நான் நின்றேன்.

“உக்காரும்மா. இதப் போட்டுட்டுப் போறவ நின்னுக்கிட்டேவா இருப்பா? உக்காந்து எங்கெங்க பிடிக்குதுன்னு ஒண்ணொண்ணாச் சொல்லு. நான் எழுதறேன்.”

உட்கார்ந்தேன். கெண்டைக்காலில் ரத்தம் இறங்குவது தெரிந்தது. முதலில் தோளைச் சொன்னேன், பின்பக்கம் அரை இஞ்ச் வேண்டும் என்று. பிறகு கழுத்தை. பிறகு உட்கார்ந்தால் முன்னால் மேலேறி வருவதை. அவர் எழுதிக்கொண்டே வந்தார். ஒரு இடத்தில் “அங்க ஒண்ணும் இல்லையே” என்றார். “உங்களுக்குத் தெரியாதுங்க, போட்டிருக்கிறவளுக்குத் தெரியும்” என்றேன். எழுதினார்.

முடிந்ததும் கூரியர் பையைப் பிரித்து உள்ளே இருந்த, ஓகே எழுதிய தாளைக் கிழித்தார். “எம்.டி.கிட்ட சொல்றேன். ஆனா செக்கிங்ல இருந்து மொத்தமா விடமாட்டாங்க. காலைல அங்க, மத்தியானத்துக்கு மேல இங்க. சரியா?”

“சரிங்க மாஸ்டர்.”

அரை நாள் நிற்பது, அரை நாள் உட்காருவது. சந்தோஷமா என்று மருதக்கா கேட்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். “யோசிக்கறதுக்கு என்ன கெடக்குது, பாதி ஹேங்கரு, பாதி பொம்பளன்னு புரமோசன் குடுத்திருக்காங்க” என்றாள். மேசை முழுக்கச் சிரித்தது.

கடுகு நிற டாப்பைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன். மெரூன் சாயம் விட்டு, ஓரத்தில் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. செகண்ட்ஸ் என்றால் அப்படித்தான். நாளைக்கு மத்தியானம் அதைத்தான் போட்டுக்கொண்டு போகப்போகிறேன். காலையில் செக்கிங்குக்கும் அதேதான், அங்கே மாற்றிக்கொள்ள இடமில்லை.